செத்தவீட்டில் சாப்பிடாமல் வந்தவன்

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என் வயது. சான்றிதழ் கேட்பார், அனுபவம் கேட்பார் என்று பதினொரு வருட வாத்தியார் வேலையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் உறையைத் திறக்கவே இல்லை. "எத்தினை வயசு?" என்றார். முப்பத்தொன்பது என்றேன். தனக்கு நாற்பத்தேழு என்று சொல்லிவிட்டு, பெரிய பிரச்சினை ஒன்று தீர்ந்ததுபோலக் கதிரையில் சாய்ந்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. பெண் பார்க்கவா வந்திருக்கிறேன்?

அவர் கொரியர். நோர்த் யோர்க்கில், யங் தெருவும் ஃபிஞ்சும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட, ஒரு கொரியப் பலசரக்குக் கடையின் மேல்மாடியில் டியூட்டரி நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் கொரியப் பிள்ளைகளுக்கு அங்கே கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்து, அகதியாக ரொறன்ரோ வந்து, ஒன்றரை வருடமாக டோனட் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். வாத்தியார் வேலை என்றதும் ஸ்காபரோவில் இருந்து ஃபிஞ்ச் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டே போய் இறங்கினேன். வேலை கிடைத்தது. அங்கே பதினாறு கொரியர்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் வெளி ஆள்.

ஒன்று சொல்லவேண்டும். அவரும் நானும் பேசியது ஆங்கிலம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் பார்க்கச் சகிக்காது. அதனால் அவர் சொன்னதையெல்லாம் எங்கடை பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்திருக்கிறது.

எங்கள் ஊரில் தலைமையாசிரியரைச் சொல்வதுபோல, அவரை அதிபர் என்றே மனதுக்குள் அழைத்தேன். அந்த மாடியில் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு சோடி செருப்பு மாட்டவேண்டும். அது சரி, எங்கள் வீட்டிலும் சப்பாத்தோடு நுழைவதில்லை. பிள்ளைகள் என்னைக் கண்டதும் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருத்தனும் எனக்கு அப்படிக் குனிந்ததில்லை. முதல் கிழமை நான் கொஞ்சம் பெருமையாகத்தான் திரிந்தேன். பிறகு தெரிந்தது, நானும் ஆறு பேருக்குக் குனியவேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்பதற்கு வயதும் பதவியும் சேர்த்து ஒரு ஒழுங்கு இருந்தது. என் வயதைக் கேட்டது அதற்குத்தான்.

ஒருநாள் வரவுப் புத்தகத்தை அதிபரிடம் வலதுகையால் கொடுத்தேன். இடதுகையால் கொடுத்தால் பிழை, வலதுகையால் கொடுத்தால் மரியாதை. நான் படித்த மரியாதை அவ்வளவுதான். கந்தோரில் இருந்த பெண் பிறகு என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு, "சேர், ரெண்டு கையாலும் குடுக்கவேணும்" என்றாள். என் மனைவியின் வயதுதான் அவளுக்கும். கணக்கு வழக்கும் தொலைபேசியும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்யும் பிழையையெல்லாம் பொறுக்கியெடுத்து என்னிடமே தருகிற வேலையையும் சம்பளமில்லாமல் அவள்தான் செய்தாள். இன்னொரு நாள் தாகத்தில் நானே போத்தலை எடுத்து என் கிளாசுக்குள் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் இருந்த மாஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அவர் ஊற்றவேண்டும், அவருக்கு நான் ஊற்றவேண்டும். உதென்ன கோதாரி, தண்ணி குடிக்கிறதுக்கும் ஆள் பிடிக்கவேணுமோ என்று பஸ்ஸில் வரும்வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரேயொரு விஷயம் மட்டும் எனக்குச் சுகமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் படியேறி வந்ததும் அதிபர் கேட்பார், "சாப்பிட்டீரோ?" எங்கடை ஆட்கள் கேட்கிற அதே கேள்வி. முதல்நாள் நான் அதை நம்பி, பாணும் சம்பலும் சாப்பிட்ட கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகவேண்டும். தெருவுக்கு அந்தப்பக்கம் அதிபருக்குத் தெரிந்தவரின் சாப்பாட்டுக்கடை. மேசைக்கு நடுவில் நெருப்பு வைத்து இறைச்சி சுடுவார்கள். முதல்தரம் போனபோது அதிபர் ஒரு சலாது இலைக்குள் சோறும் சுட்ட இறைச்சியும் வைத்து, பிடித்து, உருட்டி, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். பதினாறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டிறைச்சி. நான் மருந்துக்குப் பயந்த குழந்தைபோல வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். நான் சைவ சமயத்தவன், ஆடு கோழி எல்லாம் சாப்பிடுவேன், மாடு மட்டும் தொடமாட்டேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும். தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டல் ஓம் என்பதுபோலவும் இருக்கும், இல்லை என்பதுபோலவும் இருக்கும். கடைசியில் கந்தோர்ப் பெண் விஷயத்தைப் பிடித்து அவருக்குச் சொன்னாள். அவர் அந்தப் பிடியைத் தானே வாயில் போட்டுக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு எந்தச் சாப்பாட்டிலும் முளைத்த பயறும் கீரையும் முட்டையும் இருக்கும் கிண்ணங்களை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் அவர் கரண்டியை எடுப்பார்.

அந்த மாடியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணம் கொழும்பில் இருந்தது. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து, வன்னியால் நடந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தார்கள். நான் விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு இரண்டரை வயது. இப்போது ஐந்து. அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் ஒருவழியாக நகர்ந்து, கொழும்பில் கனடாத் தூதரக நேர்முகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்திருந்தார்கள். அதற்கு நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று வேலை தருபவர் எழுதிய கடிதம் வேண்டும். ஒரேயொரு தாள். அது இல்லாவிட்டால் மற்றத் தாள்கள் இருந்தும் பிரயோசனமில்லை.

எப்படிக் கேட்பது? "எல்லாருக்கும் முன்னாலை கேக்காதேங்கோ. கந்தோரிலையும் கேக்காதேங்கோ. சாப்பிட்டு முடிஞ்சு ஆள் சந்தோசமா இருக்கேக்கை கேளுங்கோ" என்றாள் கந்தோர்ப் பெண். அந்த மாதச் சாப்பாடு ஒரு திங்கட்கிழமை வந்தது. நேர்முகத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அதிபருக்கு இரண்டு கையாலும் தேநீர் ஊற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மனைவி, பிள்ளை, லொட்ஜ், எல்லாம். "பிள்ளைக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "நான் எழுதித் தாறன். அவசரமோ?"

"இல்லையில்லை, ஒரு அவசரமும் இல்லை. நீங்கள் ஆறுதலாத் தாங்கோ" என்றேன்.

எங்கடை ஆள் யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்லுவான்? ஒரு பெரிய மனிதரிடம் உதவி கேட்டுவிட்டு, இன்ன திகதிக்குள் வேண்டும் என்று சொல்ல நாக்கு எழும்புமா? எங்கள் ஊரில் அவசரமில்லை என்றால் அவசரம் என்று அர்த்தம். உதவி செய்பவர் உடனே எழும்பிப் போய் எழுதிக்கொண்டு வருவார். அதிபர் தலையை ஆட்டினார். திகதியை நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவருடைய தாயார் இறந்துவிட்டார். எண்பதைத் தாண்டியவர். டியூட்டரியின் பின் அறையில் சிலநாட்களில் வந்திருந்து, பிள்ளைகளுக்கு தோடம்பழம் உரித்துக் கொடுப்பார். என்னையும் ஒரு பிள்ளையாக நினைத்து எனக்கும் உரித்துத் தந்திருக்கிறார். எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

ஆனால் சனிக்கிழமை செத்தவீட்டுக்குப் போகும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இந்த ஒரு இடத்தில் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரத் தேவையில்லை. செத்தவீடு எனக்குத் தெரியும். சிரிக்கக்கூடாது. வணக்கம், சுகமோ என்று கேட்கக்கூடாது. உரித்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கவேண்டும். பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக்கூடாது. வந்த காரியம் முடிந்ததும் போயிட்டு வாறன் என்று சொல்லாமல் மெல்ல நழுவிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் தலைமுழுகிவிட்டுத்தான் மற்ற எல்லாம். அடுப்பு மூட்டாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனை எங்கள் ஊரில் என்னவென்று சொல்லுவார்கள் என்று இங்கே எழுதமுடியாது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். படத்துக்கு முன்னால் வெள்ளைப் பூ வைத்தேன். கறுப்புக் கோட்டில் கைப்பட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்ற அதிபரின் கையைப் பிடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய கண் கலங்கியது, என்னுடையதும் கலங்கியது. பாட்டும் செபமும் முடிந்து அடக்கமும் முடிந்தது. பிறகு எல்லோரையும் அந்தச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் கூட்டத்தோடு கடைவாசல்வரை போனேன். சிவப்பு சூப்பின் வாசம் வெளியேவரை வந்தது. கதவடியில் நின்ற அதிபர் என்னைக் கண்டதும், "வாரும், சாப்பிட்டுப் போம்" என்றார்.

நான் நெஞ்சில் கையை வைத்து வேண்டாம் என்று காட்டினேன். பாவம், தாயைப் புதைத்துவிட்டு வந்த மனிதர், இவருக்கு நான் ஒரு பாரமாக இருக்கக்கூடாது. "கொஞ்சம் சாப்பிட்டுப் போம்" என்று என் முழங்கையைப் பிடித்தார். நான் மெல்லக் கையை விலக்கிக்கொண்டேன். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். உள்ளே யாரோ கூப்பிட அவர் திரும்பினார். இதுதான் சமயம் என்று நான் நழுவி பஸ் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டேன். கந்தோர்ப் பெண் கோட்டும் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சேர், அவர் கூட்டிக்கொண்டு வரச்சொன்னவர். உங்களுக்கு இடம் வைச்சிருக்கிறார்."

"இல்லை பிள்ளை, எனக்குப் பசியில்லை. நீர் உள்ளை போம், குளிருது" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவள் இரண்டு கையாலும் தன் தோளைக் கட்டிக்கொண்டு தரிப்பிடத்தில் நின்றதை யன்னலால் பார்த்தேன். ஸ்காபரோவுக்கு வந்து, உடுப்போடேயே ஷவருக்குக் கீழே நின்று தலைமுழுகினேன். என்னைப் பெற்றவளுக்குச் செய்வதுபோலச் செய்துவிட்டேன் என்று மனசு நிறைந்திருந்தது.

அதிபர் அடுத்த கிழமை டியூட்டரிக்கு வந்தார். ஒவ்வொரு மாஸ்டராகப் போய் நன்றி சொன்னார். என்னிடமும் வந்தார். "மிஸ்டர்" என்றார். அதுவரை அவர் என்னை மிஸ்டர் என்றதில்லை, தம்பி மாதிரி நினைத்துப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அளவாகக் குனிந்து, அளவாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டீரோ என்று கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மூன்று நாள் போனது. மற்ற ஆட்களிடம் கேட்கிறார், என்னிடம் இல்லை. மதியத்தில் என் கிளாசுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நானே ஊற்றிக் குடித்தேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"நான் என்ன பிழை விட்டனான்?" என்று கந்தோர்ப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எங்கடை செத்தவீட்டிலை வந்த ஆள் இருந்து சாப்பிடவேணும் சேர். எவ்வளவு நேரம் இருக்கிறியளோ அவ்வளவு மரியாதை. அவர் மூண்டுதரம் கேட்டவர். எல்லாருக்கும் முன்னாலை."

தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. ஆனால் நான் வாத்தியார் அல்லவா, எதையும் விளங்கப்படுத்தினால் சரியாகிவிடும் என்ற வியாதி எனக்கு உண்டு. அன்றைக்கே நடைபாதையில் அதிபரை மறித்துவிட்டேன். எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் இருந்து விளங்கப்படுத்தினேன். செத்தவீடு துடக்கு, அங்கே சாப்பிடக்கூடாது. நான் அவமதிக்கவில்லை, முழு மரியாதையும் செய்தேன். அதற்கு அத்தாட்சியாக, கரும்பலகையில் கடைசி வரி எழுதுகிற உற்சாகத்தோடு சொன்னேன்: "வீட்டை போனவுடனை உடுப்போடையே தலைமுழுகினனான். எல்லாத்தையும் தோய்ச்சுப்போட்டுத்தான் அறைக்குள்ளை போனனான்."

அவருடைய முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வற்றிப்போனது. தாயின் செத்தவீட்டுக்கு வந்துவிட்டுப் போய், அழுக்குப்போல உரசிக் கழுவிவிட்டேன் என்று ஒருவன் அவர் முகத்துக்கு நேரே நின்று பெருமையடிக்கிறான். அவர் காதில் வேறு எப்படி விழும்? "விளங்குது" என்றார். கோட்டின் உள்பக்கத்துக்குக் கை போனது, எதையோ தொட்டுவிட்டு வெறுங்கையாக வெளியே வந்தது. அந்த அசைவு அப்போது எனக்கு ஒன்றாகவும் படவில்லை. அவர் போய்விட்டார்.

கடிதத்தைப் பற்றி இனி எந்த முகத்தோடு கேட்பது? ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கேட்பேன் என்று படியேறுவேன். அவர் மிஸ்டர் என்று குனிவார். நானும் குனிவேன். கேட்காமலே வகுப்புக்குப் போய்விடுவேன். நான் கோபக்காரன், யாழ்ப்பாணத்தில் வட்டாரக் கல்வி அதிகாரியோடேயே மேசையில் அடித்துச் சண்டை பிடித்தவன். இந்த மனிதர் ஒருதரம் என்னை ஏசியிருந்தால் நானும் ஏசி, அழுது, எப்படியாவது காரியத்தை முடித்திருப்பேன். இவ்வளவு மரியாதையோடு ஒதுக்கிவைக்கிறவரோடு என்ன செய்வது?

என்னோடு அறையில் இருந்த அண்ணை பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. மட்டக்களப்பு அப்பாவுக்கும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் பிறந்தவர், வாயைத் திறந்தால் மூடமாட்டார். கதையைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்.

"உமக்குக் கணக்குத்தான் தெரியும். ஓசிச் சோத்தை விட்டுட்டு வந்த முதல் வாத்தி நீர்தான் மாஸ்டர்!"

"சிரிக்காதேங்கோ அண்ணை. கடிதம் இல்லாட்டி அவை ரெண்டுபேரும் அங்கைதான்."

சிரிப்பை நிறுத்தினார். "எனக்குத் தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் இருக்கிறார். சொன்னா எழுதித் தருவார். வேலை செய்யிறியள் எண்டு."

"பொய்க்கடிதமோ?"

"உமக்கு இப்ப மெய்யும் வேணும், மனிசியும் வேணும், பிள்ளையும் வேணும். அங்கையும் குனியமாட்டீர், இங்கையும் குனியமாட்டீர்."

பொய்க்கடிதம் பிடிபட்டால் விண்ணப்பம் முழுக்கப் போய்விடும் என்று பயம். அது ஒரு காரணம். மற்றது ரோசம். இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாட்களை எண்ணினேன். தபாலில் அனுப்பினால் இரண்டு கிழமை என்ற நாள் தாண்டியது. சரி, ஃபேக்ஸ் இருக்கிறது என்றேன். நான்கு நாள் இருந்தது, பிறகு மூன்று.

ஞாயிறு காலையில் தொலைபேசிக் காட் போட்டுக் கொழும்புக்கு அடித்தேன். அங்கே பின்னேரம். லொட்ஜ்காரர் கூப்பிட்டு மனைவி ஓடிவந்து எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"எல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறன். கடிதம்தான் இன்னும் வரேல்லை. அனுப்பிட்டியளோ?"

"ஓம், அனுப்பிட்டன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல, ஒரு கிண்ணம் சூப்பின் கதையைச் சொல்லவேண்டும். வன்னிக்காட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவளுக்கு அதை எந்த வாயால் சொல்லுவது? "அப்ப சரி, நாளைக்கு வந்திடும்" என்றாள். மகள் தொலைபேசியைப் பிடுங்கி, "அப்பா, நான் அங்கை வரேக்கை பனி இருக்குமோ, முடிஞ்சிடுமோ?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். திங்கட்கிழமை அதிபர் கந்தோருக்குப் போய்க் கதவடியில் நின்றேன். அவர் யாரோடோ தொலைபேசியில் இருந்தார். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார், பொறும் என்பதுபோல. இருபது நிமிடம் நின்றேன். வகுப்புக்கு மணி அடித்தது. போய் அல்ஜிபிரா படிப்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை கடிதமில்லாமல் அவர்கள் நேர்முகத்துக்குப் போனார்கள். அதிகாரி பார்த்துவிட்டு ஃபைலை மூடி ஒருபக்கம் வைத்துவிட்டார். இன்னொரு திகதி அறிவிப்போமாம். அந்தத் திகதி வர ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. புதன்கிழமை அடித்தபோது மனைவி அழவில்லை. "தபால்காரன் எங்கையோ துலைச்சிட்டான். அறுவான்" என்றாள். நான் ஓம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு விசர் பிடித்திருந்தது. இனி இவரிடம் எனக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. கடிதத்தால் இப்போது ஒரு பிரயோசனமும் இல்லை. மத்தியானம் வகுப்புகளுக்கு நடுவில் அதிபர் அந்தச் சாப்பாட்டுக்கடையில் தனியாகச் சாப்பிடுவார். தெருவைக் கடந்து உள்ளே போனேன். கேட்காமல் அவருக்கு முன்னால் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். பரிமாறுகிற அம்மாவிடம், "அண்டைக்குச் செத்தவீட்டிலை குடுத்த சூப் தாங்கோ" என்றேன். அது மாட்டிறைச்சி சூப் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கிண்ணம் சாப்பிடாததுதானே என் குற்றம்? இந்தா பார், சாப்பிடுகிறேன். மாட்டையும் சாப்பிடுகிறேன், கொம்பையும் சாப்பிடுகிறேன். இப்போது திருப்தியா? உண்மையில் எனக்கு அவ்வளவு கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சூப் கொதித்தபடி வந்தது. சிவப்பாக எண்ணெய் மிதந்தது. கரண்டியை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகும்போது அதிபர் எழும்பி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கரண்டியில் இருந்தது மேசையில் சிந்தியது.

"உது நீர் சாப்பிடமாட்டீர்" என்றார். மிஸ்டர் இல்லை. கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துவிட்டு, அந்த அம்மாவோடு கொரிய மொழியில் ஏதோ பேசினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், உள்ளே போனார்.

"அண்டைக்கு அம்மாவின்ரை அலுவலுக்கு சமையலுக்குச் சொல்லேக்கை, ஒரு கிண்ணம் இறைச்சி இல்லாமல் புறம்பாச் சமைக்கச் சொன்னனான்" என்றார் மெதுவாக. "காளானும் கீரையும் போட்டு. இவதான் சமைச்சவ. எனக்குப் பக்கத்திலை வைச்சிருந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிய அந்த ஒரு கிண்ணம் மட்டும் மிஞ்சிப்போச்சு."

தாய் செத்த அன்று, ஆயிரம் அலுவலுக்கு நடுவில், இந்த மனிதர் என் மாட்டிறைச்சியை யோசித்திருக்கிறார். கையில் இருந்த வெறும் கரண்டியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கோட்டின் உள்பக்கத்துக்குக் கையை விட்டு ஒரு நீள உறையை எடுத்தார். ஐந்து கிழமைக்கு மேல் கோட்டுக்குள் கிடந்து மூலைகள் மழுங்கிப்போயிருந்தன. "நீர் கேட்டதை அம்மாவுக்குச் சொன்னனான். உடனை எழுது, பிள்ளையைத் தள்ளி வைச்சிருக்கக்கூடாது எண்டவ. புதன்கிழமை காலமை எழுதினது. செத்தவீட்டுச் சாப்பாட்டிலை உமக்குத் தருவம் எண்டு கொண்டுவந்தனான்." மழுங்கிய மூலையை விரலால் நீவினார். "பிறகு எனக்குக் கோபம். நாளைக்குக் குடுப்பம், நாளைக்குக் குடுப்பம் எண்டு கொண்டு திரிஞ்சிட்டன். அவசரமில்லை எண்டு நீர் சொன்னீர்தானே."

இரண்டு கையாலும் உறையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். திறந்து பார்த்தேன். ஒரு தாள், கீழே அவருடைய கையெழுத்து, மேலே அந்தப் புதன்கிழமையின் திகதி. எழுத்துகள் கலங்கின. அந்த அம்மா புதிதாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காளான் மிதந்தது. அதிபர் போத்தலை எடுத்து என் கிளாசுக்குள் தண்ணீர் ஊற்றினார்.

"பிந்திப்போச்சோ?" என்று கேட்டார். கேட்கும்போது அவருடைய முகம், படித்த பாடம் மறந்துபோன பிள்ளையின் முகமாக இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் தாயின் கடைசிச் சொல்லை நிறைவேற்றாதவனாக இந்த மனிதர் மிச்ச ஆயுளுக்கும் இருக்கவேண்டும்.

"இல்லையில்லை" என்றேன். "ஒரு அவசரமும் இல்லை. நல்ல நேரத்திலை தந்திருக்கிறியள்."

அவர் மூச்சை விட்டார். சூப் ஆறமுதல் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.